ஒரு நிமிடம் இருபத்தொன்பது

ரேஸில் நான்தான் காரை ஓட்டுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன்.

காரைக் கட்டிய இந்த நான்கு மாதத்தில் அம்மா எனக்குப் போட்ட ஒரே கட்டளை இதுதான். "உங்கப்பாகிட்ட வேற எது வேணும்னாலும் கேளு. நான் ஓட்டுறேன்னு மட்டும் வாயத் திறந்துடாத." ஏன் என்று கேட்டால் பதில் வராது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க மடித்தது போதாதென்று வீட்டிலும் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவாள். எங்கள் வீட்டில் பதில் சொல்ல விருப்பமில்லாதவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

அப்பாவுக்கு அன்று இருந்தது ஒரு டாக்சியின் பின்சீட்டு உறை. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி, கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவர் மெஷினை நிறுத்தவில்லை. உதட்டில் கவ்வியிருந்த நூலைக்கூட எடுக்காமல் சொன்னார். "ஹாரன்தான் ஓட்டுறான்னு போன மாசமே முடிவாயிடுச்சேம்மா."

"யார் முடிவு பண்ணினது?"

"உன் நோட்டுதான்." இப்போது மெஷின் நின்றது. நூலை எடுத்தார். "நீயே எழுதின கணக்கு. அவன் ஒண்ணு முப்பத்தஞ்சு. நீ ஒண்ணு நாப்பத்திமூணு. எட்டு செகண்டு. நான் என்ன, ஆள் பாத்தா சொல்றேன்? நம்பர் பாத்துச் சொல்றேன்."

நம்பர் பார்த்துச் சொல்கிறாராம். அந்த வார்த்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். புள்ளியியல் படித்தவள் நான், எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பட்டத்தால் எங்கள் வீட்டுக்கு இதுவரை கிடைத்த நன்மை இரண்டு. ஒன்று, எல்லா விண்ணப்பங்களையும் நான் நிரப்புகிறேன். இன்னொன்று, கடைக்கு வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், அவர் சீட்டு உறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று சொல்வதற்குள், "என் பொண்ணு பட்டதாரி" என்று அப்பா சொல்லிவிடுகிறார். பட்டம் வாங்கியது நான், மாட்டிக்கொண்டு திரிவது அவர்.

காரும் அப்படித்தான் ஆரம்பித்தது. அப்பாவிடம் சீட்டு தைக்கக் கொடுப்பவர்களில் இரண்டு மூன்று பேர் ரேஸ் கிளப்பைச் சேர்ந்தவர்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். மலிவுக் கார் பந்தயம். காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு காரை வாங்கி, குடும்பத்தோடு நீங்களே பிரித்துக் கட்டி, இருபது சுற்று ஓட்ட வேண்டும். காரின் விலை ஒரு நல்ல சைக்கிளின் விலையைத் தாண்டக்கூடாது. ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இருந்தால் போதும், வேறு எந்த அனுபவமும் வேண்டாம். நோட்டீஸை நான் படித்துச் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "அப்பனும் பொண்ணும் சேந்து ஒரு ரேஸ் கார்" என்றார். கடையில் நின்றிருந்த ஆட்டோக்காரரிடமும் சொன்னார், டீ கொண்டுவந்தவரிடமும் சொன்னார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. காருக்கு எத்தனை சிலிண்டர் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, இதைச் சொல்லியே ஆக வேண்டும். முப்பது வருடமாகக் கார் சீட்டில் உட்கார்ந்தே சம்பாதித்தவர், ஒரு காரைக்கூட ஒரு அடி நகர்த்தியதில்லை. லைசென்ஸும் கிடையாது. எங்கள் வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். ஆகவே யார் ஓட்டுவது என்ற கேள்வி எழும் என்றே ஆரம்பத்தில் எனக்குத் தோன்றவில்லை. பட்டதாரியின் அறிவு அவ்வளவுதான்.

கார் ஒரு டிரைவிங் ஸ்கூலிலிருந்து வந்தது. ஊரில் உள்ள கற்றுக்குட்டிகள் எல்லாரும் கிளட்சைக் கொன்று, சுவரில் முட்டி, அழுது, பாஸாகிப் போன கார். இரண்டு பக்கமும் பெடல் இருந்தது. ஓட்டுபவர் பக்கம் மூன்று, சொல்லிக்கொடுப்பவர் பக்கம் இரண்டு, ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஸ்கூல் முதலாளி சாவியைக் கொடுக்கும்போது, "மகராசியா ஓட்டிட்டுப் போங்க, இது இதுவரைக்கும் நாப்பதைத் தாண்டினதில்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கடையின் பின்னால் ரெக்ஸின் உருளைகளும் ஃபோம் அட்டைகளும் அடுக்கி வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து காரை உள்ளே தள்ளினோம். முதல் நாள் அப்பா என்ன செய்தார் தெரியுமா? டேப்பை எடுத்து சீட்டை அளந்தார். இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தக் காரில் ஓடாத இன்ஜின் ஒன்றும், ஓரமெல்லாம் சிவப்புப் பைப்பிங் வைத்த இரட்டைத் தையல் சீட்டு ஒன்றும் இருந்தன.

விதிப் புத்தகம் ஐம்பத்திரண்டு பக்கம், ஆங்கிலம். நான் படித்து, தமிழில் சொல்லி, ஒரு நோட்டில் வேலைகளை வரிசையாக எழுதினேன். எந்த வேலை யாருக்கு என்று பக்கத்தில் எழுதினேன். முடிந்ததும் அப்பா துணியில் குறி போடும் சாக்பீஸால் ஒரு டிக் போடுவார். உள்ளே இருக்கும் கம்பளம், தார், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தது நான். ஆயில் ஊற்றியது அப்பா, அளவுக்கு மேல் இரண்டு லிட்டர். முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது கொட்டகையிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார். பிரேக் பேடை மாட்டியது நாங்கள் இருவரும். தேய வேண்டிய பக்கத்தை வெளியே பார்க்கவைத்து, இரும்புப் பக்கத்தை டிஸ்க்கில் படவைத்து, போல்ட்டையும் இறுக்கிவிட்டு, கைகுலுக்கிக்கொண்டோம். அடுத்த தெரு வெல்டர் அக்கா வந்து குனிந்து பார்த்தாள். பிறகு, "டிகிரி, இதை எந்தக் காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

வெல்டர் அக்காதான் எங்கள் காருக்கு இரும்புக் கூண்டு அடித்தவள், கார் உருண்டால் மண்டை நசுங்காமல் காக்கும் கூண்டு. அவளும் அதே பந்தயத்துக்கு இரண்டு கார் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றை அவள் ஓட்டுகிறாள். இன்னொன்றை ஓட்ட வேண்டிய அவள் கொழுந்தன் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். "ரேஸுக்குப் போறவன் பாத்ரூம் திருப்பத்துலயே தோத்துட்டான்" என்று அவள்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் காரை ஓட்டுகிறாயா என்று என்னை இரண்டு தடவை கேட்டாள். எங்களுக்கென்று ஒரு கார் இருக்கிறதே அக்கா என்று இரண்டு தடவையும் சொன்னேன். எங்களுக்கென்று. அந்த வார்த்தையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

ஹாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தை மகன். ஹாரன் என்பது நான் வைத்த பெயர், வண்டியில் ஏறியதும் சாவிக்கு முன்னால் ஹாரனைத்தான் அழுத்துவான். காரைக் கட்டிய நான்கு மாதத்தில் அவன் கொட்டகைக்கு வந்தது ஆறு நாள். அதில் இரண்டு நாள் எந்த நிறம் அடிப்பது என்று யோசித்தான். ஒரு நாள் ஸ்டிக்கர் ஒட்டினான். நோட்டில் அவன் பெயருக்கு நேராக நான் எழுதிய ஒரே வேலை பின்பக்க விளக்குகளின் ஒயரைச் சரிசெய்வது. அது இன்று வரை எரியவில்லை. "மாமா, ரேஸ்ல யார் என் பின்னாடி வந்து பாக்கப் போறாங்க, எல்லாரும் முன்னாடிதான் போயிடுவாங்க" என்று சொல்லி அவனே சிரித்தான், அப்பாவும் சிரித்தார். நான் இதே வேலையை இப்படி விட்டிருந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். அவன் விட்டதால் அதற்குப் பெயர் நகைச்சுவை உணர்வு.

கார் ஓட ஆரம்பித்ததும், மூடிக்கிடந்த ஒரு பழைய கிடங்கின் சிமென்ட் மைதானத்தில் பெயிண்ட் டப்பாக்களை வைத்து ஒரு வட்டப் பாதை போட்டோம். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே போவோம். நான் ஓட்டுவேன், ஹாரன் வந்தால் அவனும் ஓட்டுவான். இருவர் ஓட்டும்போதும் பக்கத்து சீட்டில் அப்பா. ஓட்டுகிறவரே கட்டைவிரலால் ஸ்டாப்வாட்சை அழுத்திக்கொள்வோம். முடிந்ததும் நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன். தேதி, ஓட்டியவர், பக்கத்தில் யார், டயர் காற்று, சுற்று நேரம், பிரேக் சூடு.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் என் உயிர் போனது. நான் ஓட்டி முடித்தால் முன் சக்கரங்கள் அடுப்பு மாதிரி கொதிக்கும், தீய்ந்த வாடை வரும். நல்ல வேகத்தில் வளைவுக்குள் போவேன், கார் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி தளரும். பிரேக் ஒட்டிக்கொள்கிறது என்று முடிவு கட்டினேன். மூன்று தடவை சக்கரத்தைக் கழற்றினேன். பேடை மாற்றினேன். பேடைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைப் பிரித்துத் துடைத்து கிரீஸ் தடவினேன். இடது கை நடுவிரல் நகம் கருத்து விழுந்தது. வெல்டர் அக்கா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது காத்தாடி மாதிரி சுத்துது. இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

காரில் ஒன்றும் இல்லை என்றால் பிறகு யாரிடம் கோளாறு? நான் என்னையே பிடித்துக்கொண்டேன். எனக்கே தெரியாமல் என் கால் பிரேக்கில் போய் உட்கார்கிறது, எனக்குள் எங்கோ பயம் இருக்கிறது, அதை என் மூளை மறைக்கிறது. படித்தவர்கள் இப்படித்தான் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ள அழகாகக் காரணம் கண்டுபிடிப்பார்கள். 'காலை எடு' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஸ்டியரிங்குக்கு நேரே ஒட்டினேன். வளைவு வரும்போதெல்லாம் அதைப் படித்தேன். எடுக்கத்தான் செய்தேன். அப்போதும் ஒன்று நாற்பத்துமூன்று.

அப்பா அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் இல்லை, தமிழ் படிப்பார். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம்பர் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் சொன்னதும், அதே நம்பரை வைத்து வாயடைக்கலாம் என்று வீம்புக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மாலை ஐந்து மணிக்குள் ஓட்டுபவர் பெயரைக் கிளப் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பந்தயம் அடுத்த ஞாயிறு. கார் ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நான் ஓட்டிய நாற்பத்தொரு சுற்றிலும் பிரேக் சூடு என்ற கட்டத்தில் 'வாடை' என்று எழுதியிருந்தது. ஹாரன் ஓட்டிய பதினாறு சுற்றிலும் 'இல்லை'. இரண்டும் ஒரே நாள், ஒரே டயர், அரைமணி இடைவெளி. இதை எழுதியவள் நான். எழுதிய கைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒட்டிக்கொள்கிற பிரேக்குக்கு ஆள் பார்த்து ஒட்டத் தெரியாது.

சரி, என் கால்தான் என்றே வைத்துக்கொள்வோம் என்று பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒரு வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மைதானத்தில் இருக்கும்போது அத்தையிடமிருந்து போன் வந்தது. அப்பா போனில் பேசினால் பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும், இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது என்று இறங்கி வாசல் கேட்டுக்குப் போனார். "நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காத" என்றார். எடுத்தேன். ஒரே ஒரு சுற்று. பக்கத்தில் யார் என்ற கட்டத்தில் 'யாருமில்லை'. நேரம் ஒன்று இருபத்தொன்பது. பிரேக் சூடு, 'இல்லை'.

அதை நான் நம்பவில்லை. என்னால் அந்த வேகத்தில் ஓட்ட முடியாது என்று எனக்கே நன்றாகத் தெரியுமே. வாட்சைத் தாமதமாக அழுத்தியிருப்பேன் என்று நினைத்து, ஸ்கேல் வைத்து நேராகக் கோடு கிழித்து, ஓரத்தில் 'வாட்ச் பிழை' என்று எழுதிவைத்திருந்தேன். நான் ஓட்டியதில் உண்மையாக ஓடிய ஒரே ஒரு சுற்றைப் பிழை என்று அடித்த பட்டதாரி நான். எனக்குப் பட்டம் கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வாளியிலிருந்து எழுந்தேன். காரின் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தேன்.

விதி பதினேழு. டிரைவிங் ஸ்கூல் கார் என்றால் இரண்டாவது பெடல்களை அடியோடு வெட்டி எடுக்க வேண்டும். நான் படித்துச் சொன்னபோது, "அதை நான் பாத்துக்கறேன், நீ தார் சுரண்டு" என்றார் அப்பா. மறுநாள் ஒரு பெடலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நோட்டில் சாக்பீஸ் டிக் விழுந்தது. அந்த வாரமே பக்கத்து சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில், சாம்பல் ரெக்ஸினில் சிவப்புப் பைப்பிங் வைத்து ஒரு மெத்தை வந்து உட்கார்ந்தது. எரியக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்று சொன்னேன். மெஷின் மிதித்து மிதித்து முட்டி போய்விட்டது, பந்தயத்துக்கு முன்னால் கிளப் செய்யும் பரிசோதனை அன்று எடுத்துவிடலாம், அதுவரை என் காலுக்கு இதமாக இருக்கட்டும் என்றார். பாவம் என்று நினைத்தேன். தைத்ததை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

ரெக்ஸின் வெட்டும் கத்தியை எடுத்து நடுவில் ஒரு கிழி கிழித்தேன். மேலே ஒரு விரல் தடிமனுக்கு ஃபோம். ஃபோமுக்குக் கீழே ரப்பர் தேய்ந்து பளபளத்த பிரேக் பெடல். அதன் கம்பி, கூண்டின் அடிக்குழாயை ஒட்டியபடியே ஓட்டுபவர் பக்கம் போய், என் பெடலோடு சேர்ந்தது. மேசையில் அவர் வைத்த அந்த ஒரு பெடல் கிளட்ச். கையால் அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. கம்பிக்கு எண்ணெய் போட்டிருந்தார். பிரேக் மிதிக்கும்போது எரிய வேண்டிய பின்விளக்கு எரிந்திருந்தால் ஒரு நாள் வெல்டர் அக்காவாவது பின்னாலிருந்து பார்த்துக் கேட்டிருப்பாள். ஹாரனின் நகைச்சுவை உணர்வு அதற்கும் உதவியிருக்கிறது.

எப்படித் தைத்திருந்தார் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வெளியே இரட்டைத் தையல். பெடலுக்கு மேல் வரும் இடத்தில் மட்டும் ரெக்ஸினைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, அழுத்தினால் இறங்கி எடுத்தால் மேலே வருகிற மாதிரி, சுருக்கம் தெரியாமல் ஒரு மடிப்பு. அவர் வாழ்நாளில் தைத்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.

"அப்பா" என்று கூப்பிட்டேன். கத்தவில்லை. கத்தினால் கோபப்படாதே என்பார், பேச்சு கோபத்தைப் பற்றியதாகிவிடும்.

வந்தார். கிழிந்த மெத்தையைப் பார்த்தார். முதலில் அவர் கை போனது கிழிசலுக்கு. இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், தைக்க முடியுமா என்று.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே" என்றார். பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "நீ வளைவுல குறைக்கவே மாட்டேங்கற. சுவர் வருது. எனக்குக் கால் தானா போயிடுது."

"நான் நகம் பேந்து பிரேக்கைக் கழட்டினப்போ பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சீங்களே."

கிழிசலில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தார்.

"காலை எடுன்னு நான் எனக்கே எழுதி ஒட்டினேனே. அதைப் படிச்சீங்களே."

"அது... சொல்லணும்னுதான் நெனச்சேன்."

"அவன் ஓட்டும்போது உங்க கால் எங்க போச்சு?"

கிழிசலிலிருந்து கையை எடுத்தார். பிறகு, ஒரு உறைக்கு எத்தனை மீட்டர் துணி பிடிக்கும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "அவன் என் பிள்ளை இல்லையேம்மா."

சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. பாவம் ஹாரன். மாமாவின் நம்பிக்கையைப் பெற்ற மாவீரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். முட்டினால் முட்டட்டும், அழ அவன் அம்மா இருக்கிறாள் என்பதுதான் அந்த நம்பிக்கை.

அப்பாவுக்கு என் சிரிப்பு தைரியம் கொடுத்துவிட்டது. "உன் மேல இருக்கற பாசத்துலதானே" என்று ஆரம்பித்தார். பாசம் என்றால் சுவரில் மோதுவேன் என்று பயந்து இறங்கு என்று சொல்லியிருக்கலாம். என் கண்ணைப் பார்த்து நீ ஓட்டக்கூடாது என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், தோற்றிருந்தால்கூட யாரிடம் தோற்றேன் என்று தெரிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. எனக்குத் திறமை இல்லை என்று என்னையே நம்பவைத்தார். அதற்கு என் கையாலேயே சாட்சி எழுதவைத்தார். எழுதியதை எடுத்து இன்று எனக்கே காட்டினார். இதற்குப் பாசம் என்று பெயர் வைத்தால் இனி திருட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன்.

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாத" என்றார். "சரி, இப்ப என்ன? நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

பந்தயத்தில் ஓட்டுபவரைத் தவிர யாரும் காருக்குள் இருக்கக்கூடாது. அதுவும் நான் படித்துச் சொன்ன விதிதான், எண் நான்கு. நான்கு மாதமாக ஐம்பத்திரண்டு பக்கத்தையும் நான் காற்றிடம்தான் படித்திருக்கிறேன்.

"அது முடியாதுன்னா அவனே ஓட்டட்டும். கார் நம்ம கார்தானே. எல்லாருக்கும் சொல்லிட்டேன், அப்பனும் பொண்ணும் கட்டினதுன்னு. பேர் உனக்கும்தானே வருது."

அம்மா எப்போது வந்து கொட்டகை வாசலில் நின்றாள் என்று தெரியாது. தோளில் மடித்த துணி. கிழிந்த மெத்தையைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்" என்றாள் அம்மா. "மொத நாள் வந்து எங்கிட்ட சொன்னாரு, பொண்ணு பறக்குறா, நான் பிடிச்சுக்கிட்டேன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நீ கேட்டா இப்படித்தான் வந்து நிக்கும்னுதான் கேக்காதன்னேன்."

பொண்ணு பறக்குறா. என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு ஓட்ட வரும் என்று. தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்தி, நோட்டு எழுதியவள்.

அம்மா சமாதானம் பேச ஆரம்பித்தாள். கார் என்ன பெரிய கார், நாளைக்கு வேலை நிரந்தரம் ஆனால் நீயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம், ஒரு பெடலுக்காக அப்பனும் மகளும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா என்றெல்லாம் சொன்னாள். அவளுக்கு எதையும் மடித்துத்தான் பழக்கம். எவ்வளவு பெரிய துணியானாலும் நான்காக மடித்தால் அலமாரிக்குள் போய்விடும்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். நோட்டில் 'வாட்ச் பிழை' என்று எழுதியதை அடித்தேன். அந்தத் தாளை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நோட்டை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

"இது எதுக்கு?"

"மீதி நம்பர் உங்களுக்கு. நல்லா பாத்துச் சொல்லுங்க."

அலமாரி மேலிருந்து என் ஹெல்மெட்டை எடுத்தேன். அது என் முதல் சம்பளத்தில் வாங்கியது, இந்தக் காரில் அப்பாவின் தையல் படாத ஒரே பொருள். உள்ளே மெத்தென்று ஒரு துணி வைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டார். கொடுக்காமல் இருந்தது எவ்வளவு நல்ல காரியம்.

"எங்கம்மா போற?" அவர் குரல் முதன்முதலாகக் கொஞ்சம் இறங்கியது. "கார் ஜாக்கியில நிக்குது. புதன்கிழமை பரிசோதனை. அந்த இங்கிலீஷ் பேப்பரெல்லாம் யாரு பாக்கறது?"

இதுதான் அவர் கவலை என்று சொன்னால் அநியாயம். அவருக்கு வேறு கவலையும் இருந்திருக்கும், முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது இதுதான்.

"பதினேழாவது விதி. அந்தப் பெடலோட போனா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. வெட்டிடுங்க. மெத்தையையும் எடுத்துடுங்க. மீதி ஐம்பது பக்கத்தை ஹாரன் படிச்சுச் சொல்லுவான். அவன்தான் வேகமாச்சே."

"நம்ம கார்மா இது."

"உங்க கார்ப்பா."

அம்மா வாசலை விட்டு நகர்ந்து வழி விட்டாள். விட மாட்டாள் என்று நினைத்திருந்தேன். "வெயில்ல போற, குடையாவது..." என்று ஆரம்பித்தவள் என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கடை வழியாக வந்தேன். மெஷினில் டாக்சியின் சீட்டு உறை பாதித் தையலில் ஊசி குத்தியபடியே கிடந்தது. குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு வந்ததும் போனை எடுத்தேன். வெல்டர் அக்கா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், பின்னால் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் சத்தம்.

"அக்கா, அந்த ரெண்டாவது காருக்கு ஆள் கெடச்சுதா?"

"எங்க கெடைக்கறது? கொழுந்தன் ஒரு கையால ஓட்டறேங்கறான். நீதான் ரெண்டு தடவை சொல்லிட்டியே டிகிரி, எங்களுக்கு ஒரு கார் இருக்குன்னு."

"அது எங்களுக்கு இல்லக்கா. அஞ்சு மணிக்குள்ள என் பேரைக் குடுத்துடலாம். விண்ணப்பத்தை நானே நிரப்பிக்கறேன்."

"அதை வேற யாரு நிரப்புவா? எனக்கு ரெண்டு வரி எழுதறதுக்குள்ள கை வலிக்குது." கிரைண்டர் நின்றது. "உன் டைம் என்ன? பேப்பர்ல கேக்கறாங்க. சுமாராச் சொல்லு போதும்."

"ஒண்ணு இருபத்தொம்பது."

அக்கா, "யாரு பாத்தது?" என்றாள்.

"யாரும் பாக்கல" என்றேன். "அதனாலதான் வந்துச்சு."

பின்னால் கொட்டகையிலிருந்து அப்பா என்னை ஒரு தடவை கூப்பிட்டார். கேட்டது. ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த தெருவுக்குத் திரும்பினேன்.